மேவிபோசேத்தின் கழுதை எங்கே?



இந்த மாதம் ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கேட்கும்போது அது சின்னக் கேள்விபோலத்தான் இருக்கும். பதில் சொல்லப் போனால் நம்முடைய விசுவாசம், அன்பு, நியாயம் மூன்றுமே சோதிக்கப்படும்.

நடக்க முடியாத ஒருவரை, அவர் போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யாருடைய வேலை? மனசு வந்தால் செய்கிற தர்மமா அது? அல்லது நாம் அவருக்குப் பட்டிருக்கிற கடனா?

வராதவரைப் பற்றி என்ன பேசுகிறோம்?

தாவீது ராஜாவின் நாட்களில் மேவிபோசேத் என்று ஒருவன் இருந்தான். யோனத்தானின் குமாரன். இரண்டு கால்களும் முடம். தாவீது அவனை லோதேபாரிலிருந்து அழைப்பித்துத் தன்னுடைய பந்தியிலே உட்காரவைத்தான். இதை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கிருபைக்கு நல்ல உதாரணம் என்று சொல்லி ஆமென் போட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. மீதிக் கதையை நாம் அதிகமாய்ப் பிரசங்கிக்கிறதில்லை.

அப்சலோம் கலகம் பண்ணினபோது தாவீது எருசலேமை விட்டு ஓடினான். வழியிலே மேவிபோசேத்தின் வேலைக்காரனாகிய சீபா எதிர்கொண்டு வந்தான். சேணம் வைத்த இரண்டு கழுதைகள், இருநூறு அப்பங்கள், திராட்சவற்றல், பழங்கள், திராட்சரசம் எல்லாம் கொண்டுவந்தான். கழுதைகள் எதற்கு என்று கேட்டதற்கு, ராஜாவின் வீட்டார் ஏறிப்போகிறதற்கு என்றான். உன் எஜமான் எங்கே என்று ராஜா கேட்டான். அவர் எருசலேமிலேயே இருந்துவிட்டார், ராஜ்யம் தனக்கே திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறார் என்று சீபா சொன்னான். தாவீது வேறு யாரையும் விசாரிக்கவில்லை. மேவிபோசேத்தின் சொத்து முழுவதையும் அங்கேயே சீபாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான் (2 சாமுவேல் 16).

பிறகு தாவீது திரும்பி வருகிறான். மேவிபோசேத் அவனைச் சந்திக்க வருகிறான். ராஜா போன நாள்முதல் அவன் தன் கால்களைப் பேணவில்லை, தாடியைச் சீர்படுத்தவில்லை, துணிகளை வெளுக்கவில்லை. ஏன் என்னோடுகூட வரவில்லை என்று ராஜா கேட்கிறான். அதற்கு அவன் சொன்ன பதிலின் கருத்து இதுதான்: நான் முடவன், கழுதைக்குச் சேணம் வைத்து ஏறி உம்மோடு வரத்தான் நினைத்தேன், என் வேலைக்காரன் என்னை மோசம்போக்கிவிட்டான் (2 சாமுவேல் 19).

பிரியமானவர்களே, கவனியுங்கள்! அவனுக்குத் தாவீதின்மேல் அன்பு குறையவில்லை. அவனுக்கு வண்டி இல்லை. அவ்வளவுதான். அவன் ஏறவேண்டிய கழுதையின்மேல் நடக்கத் தெரிந்தவர்கள் ஏறிப்போனார்கள். அவனோ துரோகி என்று பேர் வாங்கினான்.

இன்றைக்கு நாம் என்ன பேசுகிறோம்? "அந்த அம்மா ரெண்டு மாசமா ஆராதனைக்கு வரல. குளிர்ந்து போயிட்டாங்க போலிருக்கு." "அந்த ஐயா முன்னால உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளா வருவாரு. இப்ப பின்மாற்றம் வந்துட்டுது." இப்படிச் சொல்லுகிற நாம் ஒன்றைக் கேட்டோமா? அந்த அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து ஒரு வருஷமாகிறது. அவர்கள் தெருமுனை வரை வருகிற மினி பஸ் நின்றுபோனது. ஆட்டோக்காரர் போகவர முந்நூறு ரூபாய் கேட்கிறார். முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவர்கள் நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை ரூபாய் கொடுப்பார்கள்? "ஏன் வரல?" என்று கேட்கிறதற்கு முன்பாக, "வர்றதுக்கு வழி இருந்துதா?" என்று கேட்கிறதுதான் நியாயம்.

சிகிச்சை இலவசம், போகிற வழி இலவசமில்லை

ஆராதனை மட்டுமல்ல, ஆஸ்பத்திரியும் இப்படித்தான். எங்கள் சபையில் ஒரு சகோதரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு மணி நேரம். அரசு மருத்துவமனையில் இலவசமாய்ச் செய்கிறார்கள், அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி 28 கிலோமீட்டர். ஆட்டோ போய், காத்திருந்து, திரும்ப வர 900 ரூபாய். வாரத்துக்கு 2,700. மாதக் கணக்குப் போட்டால் பதினோராயிரத்துக்கு மேலே போகிறது. அவருடைய மகன் தறி ஓட்டுகிறவன். அப்பாவோடு போகிற மூன்று நாளும் அவனுக்குக் கூலி இல்லை. "சாப்பாட்டுக்கு வழி பண்ணவா, சாவாம இருக்க வழி பண்ணவான்னு தெரியல, அண்ணாச்சி" என்று அந்தத் தம்பி என்னிடம் சொன்னான். ஒரு தடவை டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் என்கிற உப்பு ரத்தத்தில் ஏறும், இருதயமே நின்றுபோகலாம். ஆகவே இந்த மனுஷனுக்கு வண்டிதான் பாதி மருந்து.

"108 இருக்கே?" என்று கேட்பீர்கள். 2008-ம் வருஷம் தமிழ்நாட்டில் அந்தச் சேவை தொடங்கினது எவ்வளவு பெரிய நன்மை! விபத்தானாலும் நெஞ்சுவலியானாலும் பிரசவ வலியானாலும் காசு வாங்காமல் வருகிறார்கள். ஆனால் அது ஆபத்து அவசரத்துக்கான வண்டி. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு வா என்று அதைச் சொல்லிவைக்க முடியாது. சொல்லவும் கூடாது, ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கேயோ ஒருவன் ரோட்டில் அடிபட்டுக் கிடப்பான். அது கொண்டுபோய்ச் சேர்க்குமே தவிர, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடாது. பிள்ளை பெற்ற தாயையும் சிசுவையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டில் விடுகிறதற்கு 102 என்று ஒரு சேவை உண்டு. மற்றவர்கள்?

இதிலே ஒரு சத்தியம் இருக்கிறது. சாகக் கிடக்கிறவனுக்கு வண்டி வருகிறது. சாகாமல் தினமும் வாழவேண்டியவனுக்கு வண்டி வருகிறதில்லை. நம்முடைய அன்பும் இப்படித்தான். யாருக்காவது திடீரென்று ஒன்று ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடுகிறோம். அது நல்லது. ஆனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டிலோடு கிடந்து, ஆறாவது மாதம் ஆகும்போது, மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போக யார் வருகிறார்கள்? அவசரத்துக்கு ஓடுகிற அன்பு எளிது. நாள் குறித்து, மணி குறித்து, மழை பெய்தாலும் போய் நிற்கிற அன்பு கஷ்டம்.

"விசுவாசம் இருந்தா எழும்பி நடக்கட்டுமே"

இனி நம்முடைய கூட்டத்தாருக்குள்ளேயே இருக்கிற ஒரு எதிர்ப்பை நேரடியாகப் பேசவேண்டும். நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவர்கள். ஜெபித்து எழும்பி நடந்தவர்களின் சாட்சிகளைக் கேட்டிருக்கிறோம். அதனால் சிலர் சொல்லுகிறார்கள்: "சக்கர நாற்காலிக்கு சாய்தளம் கட்டறது அவிசுவாசம். முடவன் நடப்பான்னு பிரசங்கம் பண்ணிட்டு, அவன் நடக்க மாட்டான்னு ஏற்பாடு பண்ணலாமா?"

கப்பர்நகூமுக்குப் போவோம். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலுபேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஜனக்கூட்டம். வாசலுக்குக் கிட்டே போக இடமில்லை. அவர்கள் மேலே ஏறி, வீட்டுக் கூரையைப் பிரித்து, படுக்கையை இறக்குகிறார்கள் (மாற்கு 2). அங்கே இயேசு எதைக் கண்டார்? அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று வேதம் சொல்லுகிறது. அவர்கள் அங்கே என்ன பிரசங்கம் பண்ணினார்கள்? ஒரு வார்த்தைகூட அவர்கள் பேசினதாக எழுதியிருக்கவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் தூக்கினது, ஏறினது, பிரித்தது, இறக்கினது. வியர்வையும் தோள்வலியும் தூசியுமாய் நின்ற அந்த நாலுபேரைப் பார்த்துத்தான் விசுவாசம் என்று வேதம் பேர் வைக்கிறது. அப்படியிருக்க, சுமக்கிறதை அவிசுவாசம் என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பெதஸ்தா குளத்தண்டைக்கும் போங்கள் (யோவான் 5). முப்பத்தெட்டு வருஷம் வியாதிக்காரன். சொஸ்தமாக விரும்புகிறாயா என்று கேட்டதற்கு அவன் என்ன பதில் சொன்னான்? தன் வியாதியைப் பற்றி அவன் பேசவில்லை. தன்னைக் கொண்டுபோய்க் குளத்தில் விட ஒருவருமில்லை என்று சொன்னான். அவனுடைய முதல் துக்கம் அதுதான். இயேசு அவனை, உனக்கு விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்ளவில்லை.

ஜெபித்து இன்னும் எழும்பாத ஒரு சகோதரியின் இருதயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சரீரம் ஒரு பாரம். "உன் விசுவாசத்துல என்ன குறை?" என்கிற பார்வை இரண்டாவது பாரம். ஏறமுடியாத படிக்கட்டு மூன்றாவது பாரம். முதல் பாரத்தைக் கர்த்தர் தம்முடைய வேளையில் எடுத்துப்போடட்டும், அதற்காக ஜெபிப்போம். மற்ற இரண்டையும் நாம்தானே ஏற்றிவைத்தோம்? அதை இறக்கிவைக்க அற்புதம் தேவையில்லை. சிமெண்டும் செங்கல்லும் ஒரு நல்ல வார்த்தையும் போதும்.

"அரசாங்கம் பாக்கட்டும், சொந்தக்காரங்க பாக்கட்டும்"

இதுவும் நியாயமான பேச்சுத்தான். அரசாங்கம் செய்யவேண்டியதை அரசாங்கம் செய்தே ஆகவேண்டும். 2016-ல் நம்முடைய தேசத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறினது. பஸ் நிலையம், ரயில் நிலையம், வாகனம் எல்லாம் அவர்கள் பயன்படுத்துகிற விதமாய் இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிகளும் உடன்வருகிற ஒருவரும் கட்டணமில்லாமல் போகலாம். துணையில்லாமல் பயணம்பண்ண முடியாத கை கால் ஊனமுற்றவர்களுக்கும், டயாலிசிஸுக்குப் போகிற சிறுநீரக நோயாளிகளுக்கும், துணைக்கு வருகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் என்கிற திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும், வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. இந்தச் சலுகைகளை அறியாத குடும்பங்கள் நம்முடைய சபையிலேயே இருக்கிறது. படித்த வாலிபர்கள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தால் அதுவும் ஊழியம்தான்.

ஆனால் சலுகை என்பது ஒன்று, படி என்பது வேறு ஒன்று. டிக்கெட் இலவசம், ஆனால் பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம். ஏறமுடியாதவனுக்கு இலவச டிக்கெட்டால் என்ன பிரயோஜனம்? 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகளை ஓடவிட்டார்கள். பஸ் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தாழ்ந்து கொடுக்கும், சக்கர நாற்காலியோடே ஏறலாம். அதற்கு முன்பு உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுப் போராடினவர்கள் உண்டு. கேட்காமல் அது வரவில்லை.

இங்கே ஒரு போதகரைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் டென்வர் பட்டணத்தில் வேட் பிளாங்க் என்கிற பிரெஸ்பிட்டேரியன் போதகர் இருந்தார். ஊனமுற்ற வாலிபர்களை ஒரு பராமரிப்பு இல்லத்தில் அடைத்துவைத்திருந்ததைப் பார்த்து, அவர்கள் வெளியே வந்து சொந்த வீடுகளில் வாழ உதவிசெய்தார். வெளியே வந்தார்கள், ஆனால் பஸ்ஸில் ஏறமுடியவில்லை. 1978 ஜூலை 5-ம் தேதி, சக்கர நாற்காலியில் வாழ்கிற 19 பேர் அந்தப் பட்டணத்தின் நடுச்சாலையில் பஸ்களைச் சூழ்ந்துகொண்டு, விடியவிடிய நகராமல் இருந்தார்கள். பஸ் எங்களுக்கும் சொந்தம் என்றார்கள். 12 வருஷம் கழித்து, 1990-ல், புதிதாய் வாங்குகிற பஸ்கள் அவர்களும் ஏறும்படியாக இருக்கவேண்டும் என்று அந்த தேசத்தின் சட்டமே சொன்னது. அந்தப் போதகர் அவர்களுக்குப் பிச்சை கேட்கவில்லை, நியாயம் கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த சப்பாணியை நினைத்துக்கொள்ளுங்கள் (அப்போஸ்தலர் 3). அவனையும் நாள்தோறும் சுமந்துகொண்டு வந்தார்கள். யாரும் அவனைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் எங்கே கொண்டுவந்தார்கள்? தேவாலயத்தின் வாசல் வரைக்கும். எதற்கு? பிச்சை கேட்கிறதற்கு. தர்மம் மனுஷனை வாசல்வரைக்கும் கொண்டுவரும். நியாயம் அவனை உள்ளே கொண்டுபோகும். அவன் உள்ளே போனது குதித்துத் துதித்துக்கொண்டு. நம்முடைய சபைகளில் சுகம் கிடைத்தபிறகுதான் உள்ளே வரலாம் என்று எழுதாத சட்டம் ஏதாவது இருக்கிறதா? படிக்கட்டைப் பாருங்கள், அதிலே எழுதியிருக்கும்!

ஒரு காரியம் என் இருதயத்தைக் குத்தினது. 2024 பாராளுமன்றத் தேர்தலில், 85 வயது கடந்தவர்களும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களும் விரும்பினால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதிகாரிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு சந்துபொந்தெல்லாம் தேடி வந்தார்கள். ஒரே ஒரு ஓட்டு! அதற்காக ஒரு கூட்டம் ஆட்கள் ஒரு பாட்டியின் கட்டிலண்டையில் வந்து நின்றார்கள். அந்த ஓட்டு இல்லாவிட்டால் தேர்தல் நின்றுபோகாது. ஆனாலும் அது அந்தப் பாட்டியின் உரிமை, ஆகவே வந்தார்கள். அதே பாட்டி திருவிருந்து எடுத்து எத்தனை மாதமாயிற்று? உலகத்தார் ஒரு ஓட்டுக்குக் கொடுக்கிற கனத்தை நாம் ஒரு ஆத்துமாவுக்குக் கொடுக்கிறோமா?

சுமக்கிறதிலும் ஒரு ஒழுங்கு உண்டு

அன்பு இருந்தால் மட்டும் போதாது. மேவிபோசேத் எப்படி முடவனானான்? பிறவியிலே அல்ல. அவனுக்கு ஐந்து வயதாயிருக்கும்போது, சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி வந்தது. அவனுடைய தாதி அவனை எடுத்துக்கொண்டு தப்பி ஓடினாள். ஓடுகிற அவசரத்திலே அவன் விழுந்து முடவனானான் (2 சாமுவேல் 4). அவளுக்கு அன்பு இல்லையா? உயிரைக் காப்பாற்றத்தான் தூக்கினாள். தூக்கின கை நல்ல கைதான். ஆனால் அவசரம் கெடுத்தது. ஆகவே நான் அனுபவத்தில் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கேளுங்கள். என் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் நல்ல மனசோடு அவர்களைத் தூக்குவார்கள். ஒருநாள் அவர்கள் கோணின வாயாலே சொன்னார்கள்: "தூக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்கய்யா. நான் என்ன அரிசி மூட்டையா?" எங்கே போகவேண்டும், எப்போது போகவேண்டும், எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று சொல்லுகிற அதிகாரம் பயணம்பண்ணுகிறவருக்கே உரியது. வண்டி நம்முடையது, பயணம் அவருடையது.

இரண்டாவது, பிடிக்கிற விதம். பக்கவாதம் வந்தவரின் செத்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். பலமுள்ள பக்கமாக நகரச் சொல்லி, இடுப்பில் பிடித்துத் தூக்கவேண்டும். காரில் ஏற்றும்போது முதலில் இடுப்பை ஆசனத்தில் உட்காரவைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து வைக்கவேண்டும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமல் யாரையும் அசைக்கக்கூடாது. டயாலிசிஸ் செய்கிறவரின் ஒரு கையிலே ஃபிஸ்டுலா என்று ரத்தக்குழாயை இணைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அதில் பையை மாட்டக்கூடாது. டயாலிசிஸ் முடிந்தவுடனே ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். கொஞ்சநேரம் உட்காரவைத்து, பிறகு மெதுவாய் எழுப்புங்கள். விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவரை மட்டும் நாமாகத் தூக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, அசையாமல் வைத்திருங்கள்.

மூன்றாவது, திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். போகும்போது பத்துப்பேர் இருப்பார்கள். கூட்டம் முடிந்தவுடனே அவரவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாற்காலியில் இருக்கிற சகோதரி வராந்தாவில் தனியே உட்கார்ந்து, யார் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அரைமணி நேரம், அன்றைக்குக் கேட்ட பிரசங்கம் முழுவதையும் அழித்துப்போடும். நல்ல சமாரியனைப் பாருங்கள். ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், காசு கொடுத்தான், திரும்பி வரும்போது மீதியையும் கொடுப்பேன் என்று பொறுப்பெடுத்தான். பாதி வழியில் கடமையை முடித்துக்கொள்ளவில்லை.

நான்காவது, சாய்தளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறு அடி. மூன்று படி இருந்தால் பதினெட்டு அடி. இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். இடமில்லாவிட்டால் பக்கவாசலைத் திறந்து அங்கே கட்டுங்கள். ஆனால் அந்த வாசலுக்குச் செருப்பும் சைக்கிளும் போட்டு அடைத்துவைக்காதிருங்கள்.

ஐந்தாவது, கூட்டிவந்தவரை மேடையில் காட்டி, நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று சாட்சி சொல்லவேண்டாம். அவர் நம்முடைய சாட்சிக்குச் சாமான் அல்ல. அவருக்கு ஜெபிக்கத் தெரியும், பாடத் தெரியும், ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கத் தெரியும். அவருக்கு ஒரு ஊழியத்தைக் கொடுங்கள். வேலை இருக்கிற இடத்துக்கு வருகிறவன் விருந்தாளியாய் வரமாட்டான், வீட்டுக்காரனாய் வருவான்.

ஒருவருக்காக வேனை அனுப்பலாமா?

கடைசியாக ஒரு கஷ்டமான கேள்வி. கமிட்டியில் இதைக் கேட்கிறவர்களை நான் குறைசொல்லமாட்டேன், அவர்கள் காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள். "ஐயா, ஒரு வேன் இருக்கு. டீசல் விக்கிற விலையில ஒரு ஆளைக் கூட்டிவர ஆறு கிலோமீட்டர் சுத்தணும். அதே நேரத்துல மெயின்ரோட்டுல நின்னு இருபது பேரை ஏத்தலாம். எது நியாயம்?"

தலை எண்ணிப் பார்த்தால் இருபதுதான் பெரியது. ஆனால் தேவையை எண்ணிப் பாருங்கள். அந்த இருபது பேரும் வேன் வராவிட்டால் நடந்து வருவார்கள், ஷேர் ஆட்டோவில் வருவார்கள், பைக்கில் தொற்றிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு வேன் ஒரு வசதி. அந்த ஒருவருக்கு வேன்தான் கால். வசதியையும் காலையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா? சீபா கொண்டுபோன கழுதைகளின் கணக்கும் இதுதான். ராஜாவின் வீட்டார் களைத்திருந்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்களால் நடக்க முடிந்தது.

அதற்காக ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிற சகோதரனுக்கும் குடும்பம் உண்டு, களைப்பு உண்டு. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்றும், அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் பவுல் அப்போஸ்தலன் ஒரே அதிகாரத்தில் எழுதுகிறார் (கலாத்தியர் 6). வசதியுள்ள குடும்பத்தார் தங்கள் பெரியவர்களைத் தாங்களே கூட்டிவரட்டும். வழியில்லாதவரைச் சபை சுமக்கட்டும். ஒரு ஆளாய் அல்ல, நாலு ஆளாய். கப்பர்நகூமிலும் நாலுபேர்தானே! ஒருவன் தோள் வலித்தால் மற்றவன் பிடித்திருப்பான்.

ஆகவே தர்மமா கடனா என்கிற கேள்விக்கு என் பதில் இதுதான்: கடன். நாம் எல்லாரும் சுமந்து கொண்டுவரப்பட்டவர்கள்தான். தாயின் இடுப்பிலே வந்தோம். கடைசியில் நாலுபேர் தோளிலே போகப்போகிறோம். நடுவிலே கொஞ்சகாலம் கால் பலமாயிருக்கிறது. அந்தக் கொஞ்சகாலத்தில் நடக்க முடியாதவரைப் பார்த்து, "உனக்கு நான் தர்மம் செய்கிறேன்" என்று சொல்ல நமக்கு என்ன மேன்மை இருக்கிறது?

இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முதல் கட்டத்தில் பேர், அடுத்ததில் போகவேண்டிய நாள், மணி, இடம். மூன்றாவதில் கூட்டிப்போகிறவர் யார். நான்காவதில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர் யார். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் மூன்றாவதை நிரப்பாதிருங்கள். வாலிபர் கூட்டம் இதை எடுத்துச் செய்யட்டும். ஆராதனைக்கும் எழுதுங்கள், ஆஸ்பத்திரிக்கும் எழுதுங்கள், பென்ஷன் வாங்கப் போகிறதற்கும், பேத்தி கலியாணத்துக்குப் போகிறதற்கும் எழுதுங்கள். சபையாரா, புறத்தியாரா என்று பார்க்கவேண்டாம். அடிபட்டுக் கிடந்தவனை எந்த மார்க்கத்தான் என்று சமாரியன் கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதத் தொடங்கும்போது, ரொம்ப நாளாய் ஆராதனைக்கு வராதவர்களின் பேரை முதலில் எழுதுங்கள். பின்மாற்றம் என்று நாம் நினைத்தவர்களில் எத்தனைபேர் கழுதை இல்லாத மேவிபோசேத் என்று அப்போது தெரியவரும்.

நம்முடைய பாவபாரத்தைச் சுமந்து தீர்த்த ஆண்டவர், ஒருவரையொருவர் சுமக்கிற தோள்களை நமக்குத் தந்து, உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.